பனித்தட்டு

வடதுருவக் கரையோர மீன் ஆலையில் வேலை முடிந்து, டெல்வினும் மனைவி அன்சியாவும் கப்பலில் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பலின் வழியைப் பயணிகளே தீர்மானிப்பார்கள். கடலில் பனித்தட்டு குறுக்கிட்டால், எல்லோருடைய கைபேசியிலும் கேள்வி வரும்: உடைப்பதா, சுற்றிப் போவதா?

அன்று குறுக்கே வந்த பனித்தட்டின்மேல் ஒரு பனிக்கரடி குட்டியோடு படுத்திருந்தது. டெல்வின் சுற்றிப் போகவே அழுத்தினான். ஆனால் உடைப்பது என்று முடிவாயிற்று. மேல்தளத்தில் விசில் பறந்தது. தாய்க்கரடி தண்ணீரில் குதித்துத் தப்பியது. குட்டி, உடைந்த இரண்டு பாளங்களுக்கு நடுவே நசுங்கிப்போனது. தாய் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நீந்தியது.

"என்ன ஜென்மங்களோ! எவனுக்குத்தான் மனசு வந்துச்சோ," என்றான் டெல்வின்.

"நானும் ஒடைக்கத்தான் அமுக்குனேன்," என்றாள் அன்சியா. "சுத்திப் போனா நாளாவும்லா. அக்கா வீட்ல விட்டுட்டு வந்த பிள்ள நம்ம மொகத்தையே மறந்திருக்கும்."

"ஏட்டி, அதுவும் ஒரு பிள்ளதான?"

"கரடிக்காவ எம்பிள்ளய இன்னும் காக்க வைக்கச் சொல்லுதீங்களா?"

மதியம் உணவுக்கூடத்தில், அந்தப் பனித்தட்டிலிருந்தே வெட்டியெடுத்த பனிக்கட்டியைப் போட்டு எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அன்சியாவின் தம்ளரில் வெள்ளை முடி ஒன்று மிதந்தது. அவள் அதை நகத்தால் எடுத்து மேசைவிரிப்பில் துடைத்துவிட்டுக் குடித்தாள்.

"நல்லா சில்லுனு இருக்கு. குடிங்க."

டெல்வின் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். அவள் பதறிப்போய் அவன் முதுகைத் தடவ வந்தாள்.

"தொடாத," என்றான்.