பார்க்க வேண்டிய இடங்கள்

"மணிக்கூண்டைப் பார்த்தாச்சு மாப்பிள்ளை. அடுத்து என்ன?" என்று கேட்டபடி பெரியவர் ரிக்‌ஷாவில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த உட்காரலில் இன்னொருவருக்கு இடமில்லை. பக்கிரிசாமி பக்கத்திலேயே ஓடிவந்தான்.

"ஏரித் தோட்டம் இருக்கு மாமா. சாயங்காலம் ஊமைப்படம். நாளைக்குப் பத்துமலை."

"ஒண்ணு விடாம பார்த்துடுவோம். நான் என்ன தினமுமா கோலாலம்பூர் வரேன்?"

பெண் வீட்டு மனிதர். முகம் சுளிக்க முடியுமா?

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மகள் சீதாலெட்சுமி. அவளைப் பக்கிரிசாமி யாருக்கும் சொல்லாமல் கூட்டிவந்து பத்துமலை முருகன் கோயிலில் தாலி கட்டினான். கங்காணி மகளைத் தலைமுழுகினார். தைப்பிங்கில் இருந்த பக்கிரிசாமியின் அம்மாவும் தன் பங்குக்குத் தலைமுழுகினாள். அவன் வீட்டார் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை, அவள் வீட்டார் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை.

இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு போட ஒரு நாதி கிடையாது. சோறு இறங்காமல், "எங்க வீட்டு மரத்துப் புளிமாங்கா ஒண்ணு கிடைச்சா போதும்" என்று அழுவாள். அவனும் பாசார் சந்தையில் உள்ள மாங்காயையெல்லாம் வாங்கி வந்து பார்த்துவிட்டான். ஒரு கடி கடித்துவிட்டு, "இது அது இல்லீங்க" என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே பட்டறையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியவனை, அவனுடைய சாய்வு நாற்காலியிலேயே படுத்திருந்த இந்தப் பெரியவர், "வாங்க மாப்பிள்ளை" என்று வரவேற்றார். மாமனார் மனம் இளகி ஆள் அனுப்பியிருக்கிறார் என்று பக்கிரிசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்தவரிடம் நீங்கள் யார் என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஒரு வாரம் லீவு போட்டான்.

ரயில் ஸ்டேஷனின் குவிமாடங்களைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துப் பெரியவர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார். திரும்பி வந்தபோது செருப்பு இல்லை. பக்கிரிசாமி புதுச் செருப்பு வாங்கித் தந்தான். பாடாங் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்த துரைமார்களைப் பார்த்து, "வேலைவெட்டி இல்லாத பசங்க" என்றார். ஊமைப்படம் முடிந்ததும், "வாயை அசைக்கிறான், சத்தத்தைக் காணோம். பாதிக் காசைத் திருப்பிக் கேளு மாப்பிள்ளை" என்று கொட்டகை வாசலில் அடம்பிடித்தார்.

வீட்டிலோ சாப்பாடு தடபுடல். "மருமகளே, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று அவர் கேட்கக் கேட்க, சீதாலெட்சுமி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினாள்.

அடுத்த ஞாயிறு அவரைக் கிள்ளான் ரயிலில் ஏற்றிவிட்டபோது பக்கிரிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மாமா, அங்க நம்மளைப் பத்தி நல்லவிதமா எடுத்துச் சொல்லுங்க."

"போற இடமெல்லாம் சொல்றேன் மாப்பிள்ளை! தாங்கு தாங்குன்னு இல்ல தாங்கினீங்க!"

பெரியவரும் புதுச் செருப்பும் சீதாலெட்சுமி சுட்டுக்கொடுத்த முறுக்கு டின்னும் ஒன்றாகப் புறப்பட்டுப் போயின.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே கவலைப்படாத சீதா. உங்க பெரியவர் போய்ச் சொன்னா உங்கப்பா மனசு இறங்கிடும்" என்றான்.

"எங்க பெரியவரா?" சீதாலெட்சுமி விழித்தாள். "அவரு உங்க சித்தப்பா இல்லையா? வாசல்ல நின்னு, 'நல்லா இருக்கியா மருமகளே'ன்னு கேட்டாரே!"

பக்கிரிசாமி அப்போது உதிர்த்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. அவளோ அந்தப் பெரியவர் தின்று தீர்த்த அரிசிக்காக அழவில்லை.

"அப்ப நம்மளைத் தேடி யாருமே வரலையா?" என்று கேட்டுத்தான் அழுதாள்.

அதற்கடுத்த ஞாயிறு, வாசலில் இன்னொரு பெரியவர். கோட்டு, குடை, தோளில் ஒரு சாக்கு மூட்டை.

"மாப்பிள்ளை வீடு இதுதானே?"

பக்கிரிசாமிக்குச் சுருக்கென்றது. "யாரு உன்னை அனுப்பினது?"

"கிள்ளான்ல ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஒரு வாரம் இங்க தங்கினாராம். தாங்கு தாங்குன்னு தாங்கினீங்களாம். அதான், நாமும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வருவோமேன்னு…"

"பார்க்கணுமா? நல்லா பாரு!" பக்கிரிசாமி மூட்டையைப் பிடுங்கினான். "பத்துமலைக்குப் போ, அங்க நிறைய குரங்கு இருக்கு, ஒவ்வொண்ணா மாப்பிள்ளைன்னு கூப்பிடு! ஸ்டேஷனுக்குப் போ, செருப்பைக் கழட்டிட்டு விழுந்து கும்பிடு! அப்படியே கிள்ளான் ஆத்துல போய் விழு, அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான்!"

மூட்டையைத் தூக்கித் தெருவில் வீசினான். சாக்கு பிரிந்து, பச்சைப் பசேலென்று புளிமாங்காய்கள் சாக்கடை வரைக்கும் உருண்டு ஓடின.

சத்தம் கேட்டுச் சீதாலெட்சுமி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். மாங்காயைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள்.

"அப்பா!"