பதினான்காவது கை

பதிமூன்று வரை எண்ணிய செயலாளர் நிமிர்ந்து பார்த்தபோது, பதினான்காவதாக மேலே நின்றது என் வலது கை.

குடியிருப்பின் அடித்தளத்தில், கார்களை வெளியே தள்ளிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த கூட்டம். நாற்பதில் வந்திருந்தது இருபத்தேழு வீடு. பதினான்கு கைகள் எழுந்தால், நான்காவது மாடித் தையல்காரம்மாவின் தம்பி மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும்.

தம்பி ஒன்பது வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ஏதோ வாய்த்தகராறில் ஒருவரை ஓங்கி அடித்தார், விழுந்தவர் எழவில்லை. விடுதலையான பிறகு அக்கா வீட்டைத் தவிர அவருக்குப் போக்கிடம் இல்லை.

ஓட்டெடுப்புக்குப் பத்து நிமிடம் முன்புதான் நான் பேசி முடித்திருந்தேன். கல்லூரியில் முப்பத்தொரு வருடம் அறவியல் நடத்தியவன் அல்லவா? தண்டனை முடிந்தவனை மறுபடி தண்டிக்க நாம் யார் என்று கேட்டேன். நாற்பது குடும்பத்தின் நிம்மதிக்காக ஓர் ஆளைத் தெருவில் விடுவது கூட்டல் கழித்தலுக்குச் சரியாக வரும், நியாயத்துக்கு வராது என்று பொரிந்து தள்ளினேன். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் மாடி வங்கி மேலாளர்கூடக் கைதட்டினார்.

அப்புறம் இந்தக் கை.

என் கையின் சங்கதி இங்கே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து அது என் பேச்சைக் கேட்பதில்லை. தோன்றினால் எழுந்துகொள்ளும்.

ஒருமுறை ஏலக்கடையில் எழுந்து, பல் வைத்தியரின் நாற்காலி ஒன்றை வாங்கிவிட்டது. இன்றும் அதில் மல்லாந்துதான் செய்தித்தாள் படிக்கிறேன். ஒருமுறை சாலையோரம் எழுந்து பேருந்தை நிறுத்தியது. ஓட்டுநர் முறைத்த முறைப்பில் ஏறிவிட்டு, மூன்று ஊர் தள்ளி இறங்கினேன். ஓர் இரங்கல் கூட்டத்தில், வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டபோது எழுந்தது. முன்பின் பார்த்திராத மனிதரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவருடைய மகன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

ஆகவே செயலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வாத்தியார் சார், இது நீங்களா, உங்க கையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரம்மாவும் சிரித்தார். கைதான்பா, எண்ணாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதோடு முடிந்திருக்கும்.

"நான் பேசினதைத்தான் எல்லாரும் கேட்டீங்களே" என்றேன். கையை இறக்கவில்லை.

அங்கே பிடித்தது வாதம்.

"விதியில தூக்கின கைன்னுதான் இருக்கு. தூக்கினவர் மனசைத் தோண்டிப் பாக்கச் சொல்லல" என்றார் மூன்றாம் மாடி வக்கீல்.

"அப்போ சோம்பல் முறிச்சாக்கூட ஓட்டா, வக்கீல் சார்? ரெண்டு கையாலயும் முறிச்சா ரெண்டு ஓட்டா?" என்றார் இரண்டாம் மாடி நர்ஸம்மா.

அரை மணி நேரம் போனது. நினைக்காமல் நடந்தது ஒருவன் செய்ததாகுமா என்பது, வகுப்பில் நான் மூன்று வாரம் இழுத்து நடத்திய பாடம். கடைசியில் என்னிடமே தீர்ப்புக் கேட்டார்கள்.

ஆளுக்கு ஆள் வளைத்தால் அது விதியே இல்லை, என் கையே ஆனாலும் எண்ணத்தான் வேண்டும் என்றேன். குரல் லேசாகத் தழுதழுத்தது. என்ன நேர்மையான மனுஷன் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

செயலாளர் பதினான்கு என்று எழுதிக்கொண்டார்.

படியருகே தையல்காரம்மா என்னை நிறுத்தினார். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. கை பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" மறுநாள் ஒரு தைலப் புட்டியும் வந்தது, மூன்று வேளை தேய்க்கச் சொல்லி. தேய்த்தேன்.

அந்தத் தம்பியைக் கூட்டத்துக்கு முன் ஒரே ஒரு தடவைதான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். லிஃப்ட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் மெதுவாக வருவதைப் பார்த்து, மூடப்போன கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய கை. மேலே போகும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு வாரம் படியேறித்தான் வீட்டுக்குப் போனேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

மாதக் கடைசியில் அவர் கிளம்பினார். ஒரு பெட்டி, சுருட்டிக் கட்டிய ஒரு போர்வை. நான் வாசலில் செய்தித்தாளோடு, யாருக்காகவோ காத்திருப்பவன் போல நின்றிருந்தேன். அவர் நேராக வந்துவிட்டதால் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதப்பா. கை தானாத் தூக்கிடுச்சு" என்றேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"கோர்ட்டுல நானும் அதைத்தான் சொன்னேன் சார். கை தானாப் போயிடுச்சுன்னு. அது பொய்னு ஒத்துக்கவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

வாசற்படி ஈரமாக இருந்தது. நான் இறங்கத் தயங்கி நிற்பதாக நினைத்தார் போல. என் வலது கையைப் பிடித்து, இரண்டு படியும் பதமாக இறக்கிவிட்டார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை.