தாழ்ப்பாள் இல்லாத கதவு

நோரீனின் உடல் கூடத்தில் சவப்பெட்டியில் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஜெபமாலை தொடங்கும்வரை டீயும் சாண்ட்விச்சுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டூட்டி முடிஞ்சா போதும், பிள்ளைங்கள விட்டு நகர மாட்டா," என்றாள் பக்கத்து வீட்டு பிரீடா.

"மனநல ஆஸ்பத்திரி நர்ஸாச்சே, வீட்டையும் வார்டாக்கிட்டா!" மகள் ஓர்லா சிரித்தாள். "கத்தியெல்லாம் பூட்டியே இருக்கும். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது."

"ரிடையரான பிறகுமா?"

"பழக்கதோஷம்," என்றான் அண்ணன் டெக்லன்.

ஓர்லா பாத்ரூமுக்குப் போனாள். டெக்லன் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினான்.

"ஓர்லா, குரல் குடு."

"இருக்கேன்ணே! அம்மாதான் போயிட்டாளே, இன்னும் எதுக்கு?"

"அதனாலதான்."

வெளியே வந்தவள் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் பழைய தழும்புகள்தான். புதிதாக ஒன்றுமில்லை.

"போதுமா?"

"இன்னிக்குப் போதும்."