புகையே வராத வண்டி

மீமிசல் கடற்கரை மீனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கும் சந்தனராஜின் வண்டியை, ஆவுடையார்கோவில் முக்கத்தில் ஏட்டு மாரிக்கண்ணு மறித்தார்.

“தெருவே அதிருதேய்யா! பொல்யூஷன் சர்ட்டிபிகேட் எங்க?”

“இதுல பொகையே வராதுங்கய்யா.”

“இம்புட்டுச் சத்தம் போடுது, பொகை வராதா? வண்டிய ஸ்டேஷனுக்கு விடு.”

“ஐஸ் கரையுதுங்கய்யா, மீனு கெட்டுரும். இதப் பாருங்க.”

சந்தனராஜ் மீன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அழுத்தினான். சத்தம் சட்டென்று நின்றது.

“பேட்டரி வண்டிங்க. சத்தம் ஸ்பீக்கர்ல வருது. என் பழைய மொபட்ட வாங்குனவரு வீட்டுக்குப் போயி, அதோட சத்தத்தச் செல்லுல பதிஞ்சுட்டு வந்தேன்.”

“கிறுக்காய்யா ஒனக்கு?”

“நேத்து புது வண்டில சத்தமில்லாமப் போனேங்க. நான் வந்ததே தெரியாம ஒருத்தரும் சட்டியத் தூக்கிட்டு வெளிய வரல. பாதி மீனு பூனைக்குத்தான் போச்சு.”

ஏட்டின் முகம் மாறியது.

“எங்க தெருவுக்கும் வந்தியா?”

“வந்தேங்கய்யா.”

“மீன்காரன் வரலைன்னு எம் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா. ‘தூங்கிட்டு கதை விடுறியா’ன்னு கேட்டுட்டேன். நேத்துலேர்ந்து சோறு கெடையாது.”

ஏட்டு மீன் பெட்டிக்கும் சந்தனராஜுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

“ஸ்பீக்கரப் போடு. எங்க வீட்டு வாசல்ல மட்டும் இன்னும் சத்தமா வையி!”