இரண்டாம் குழு

இரண்டாம் குழுவும் தேறிவிட்டது என்று தெரிந்ததும் அவள் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள்.

பல்கலைக்கழக மாணவர்களின் மனச்சோர்வுக்கு இணையவழியில் எட்டு வாரப் பாடம். அதைத் தயாரித்ததும் அவள்தான், பலன் தருகிறதா என்று ஆராய்வதும் அவள்தான். முதல் குழுவில் அறுபது பேர். அவர்கள் செய்யும் பயிற்சியை வாரந்தோறும் ஆறு வழிகாட்டிகளில் ஒருவர் படித்து நாலு வரி பதில் எழுதுவார்.

இரண்டாம் குழுவிலும் அறுபது பேர், அதே பாடம். ஆனால் ஆள் கிடையாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷின் தானாக ஒரு கடிதம் அனுப்பும், அவ்வளவுதான்.

"மெஷினே போதும்னா எதுக்கு மேடம் ஆறு பேர்?" என்று பதிவாளர் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்வு முடியட்டும் சார் என்று அவளும் இரண்டு வருடமாகச் சமாளித்து வந்தாள். இன்று மூன்று மணிக்கு அவர் தலைமையில் கூட்டம். இரண்டு குழுவும் சமம் என்றால் ஆறு வழிகாட்டிகளும் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அறுவரில் இளையவள் திரையை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னு அர்த்தம்."

"அப்போ நாங்க உக்காந்து உக்காந்து எழுதினதெல்லாம்?"

"போய்ச் சாப்பிடு," என்றாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு ஜீரணமாகவில்லை. போன வருடம் முன்னோட்டமாக நடத்தியபோது, வழிகாட்டி இல்லாதவர்களில் பாதிப்பேர் மூன்றாம் வாரமே கழன்றுகொண்டார்கள். இந்த முறை அறுபதில் ஐம்பத்தொரு பேர் கடைசிவரை நின்றிருக்கிறார்கள்.

மெஷினின் அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். கடவுச்சொல் பதிவாளர் அலுவலகம் கொடுத்தது; அதற்குள் எட்டிப் பார்க்க அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. அனுப்பிய கடிதங்கள் நானூற்று எண்பது இருக்க வேண்டும். ஆயிரத்து நூற்று இருபத்தாறு இருந்தன.

ஒன்றைப் படித்தாள். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. நேற்று தாங்கள் குளித்துவிட்டு வகுப்புக்குச் சென்ற விவரம் அறிந்து மகிழ்ச்சி. நாளையும் அவ்வாறே செய்யவும். இயலாவிடில் குளிப்பதை மட்டுமாவது செய்யவும்.'

இன்னொன்று. 'தாங்கள் எதற்கும் லாயக்கில்லை என்று குறிப்பிட்டுள்ளீர்கள். அதற்கான ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. எனவே ஏற்க இயலாது.'

எல்லாவற்றுக்கும் கீழே 'உதவி மையம்' என்று மட்டும் இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் விஷயம் உறைத்தது. மெஷினின் கடிதத்துக்கு மாணவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதிலுக்கு யாரோ பதில் எழுதியிருக்கிறார்கள், எட்டு வாரமாக, ஒன்று விடாமல்.

ஆறு பேரையும் கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. இரக்கப்பட்டு யார் இதைச் செஞ்சது?"

"சத்தியமா நாங்க இல்லக்கா," என்றாள் இளையவள். "எங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா? படிச்சா கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு."

அவள் கடவுச்சொல்லை மாற்றிப் பெட்டியைப் பூட்டினாள். மாணவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்த எண்ணைக்கூட வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் கடிதம் ஒன்றைக்கூடக் கூட்டத்துக்கு எடுத்துப் போகவில்லை.

"சமம்தானே? நான் அப்பவே சொன்னேன்," என்று பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

"இல்ல சார். ரெண்டாம் குழுவுக்கும் யாரோ ஒரு ஆள் பதில் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க."

பேனா நின்றது. "நாலு வரி பதில்ல என்னம்மா ஆயிடப் போகுது?"

"அதைத்தான் சார் ரெண்டு வருஷமா சோதிச்சுக்கிட்டிருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "ஒன்பது பேர் கடிதமே எழுதல, அதனால அவங்களுக்குப் பதிலும் போகல. அந்த ஒன்பது பேரும் பாதியிலயே போயிட்டாங்க."

"அப்போ ஆள் வேணும்னு நிரூபணம் ஆயிடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆறு பேர் வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆகல சார். கடிதம் எழுதினவங்க முதல்லேர்ந்தே கொஞ்சம் தெம்பா இருந்திருக்கலாம். இந்த ஆய்வு கெட்டுப்போச்சு. திரும்ப முதல்லேர்ந்துதான் செய்யணும்."

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். பதிவாளரோ கோப்பில் குனிந்து, ஆய்வை மீண்டும் நடத்தவும், வழிகாட்டிகள் ஆறு பேரும் அதுவரை தொடரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"யார் செஞ்சதுன்னு விசாரிக்கணும் சார்," என்றாள்.

"விசாரிக்கலாம், விசாரிக்கலாம்," என்றார் தலை நிமிராமல்.

மற்றவர்கள் கலைந்தார்கள். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல்வரை போன பதிவாளர் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அந்த நூத்தி நாலாம் நம்பர் பொண்ணு, இன்னிக்குப் பரீட்சைக்குப் போச்சாம்மா?"