மலையிலிருந்து இறங்கியவர்

"அப்பா, பேபியஸ் ஏன் ஹனிபாலோடை சண்டை பிடிக்காமல் மலையிலயே நிண்டவர்?"

கனகரத்தினம் நிமிர்ந்தார். முன்னால் மகள் சுசீலா. பள்ளிக்கூடத்துக் கேள்வி போலும். சரித்திரம் படித்துவிட்டுக் குவைத்தில் கம்பனிக் கணக்கு எழுதுகிறவரிடம் ரோமாபுரித் தளபதியைப் பற்றி யார் கேட்கிறார்கள்!

"பயத்தில இல்லை, பிள்ளை. காத்திருந்தால் எதிரி களைச்சுப் போவான் எண்டு நிண்டவர்."

"நில்லுங்கோ, வாறன்." சமையல் நடந்துகொண்டிருந்த குசினிக்குள் ஓடினாள். பள்ளிக் கொப்பி அங்கே இருக்கிறதாக்கும்.

கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. நாளைக்கு மனைவி சிவகொழுந்து மகளோடு கொழும்புக்கு, தமக்கை வீட்டுக்குப் போகிறாள். "சுவரோடை எவ்வளவு காலம் கதைக்கிறது? நான் போறன்" என்று அவள் சொன்னபோது, அவர் பேசாமல் டிக்கெட் எடுத்து வந்து மேசையில் வைத்தார். போகவேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தார்.

சுசீலா திரும்பி வந்தாள். "அவரை ஆக்கள் பழிக்கேல்லையோ?"

"கோழை எண்டவை. அவருக்குக் கீழ இருந்த தளபதிக்கே பாதி அதிகாரத்தைத் தூக்கிக் குடுத்தவை. அப்பவும் அவர் வாய் திறக்கேல்லை."

மறுபடியும் குசினி. மறுபடியும் கூடம்.

"வாய் திறக்காட்டி அவரின்ரை மனசு மற்றவைக்கு எப்பிடித் தெரியும்?"

கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பிடியும் கேள்வி இருக்கோ?"

"இருக்கு. இன்னும் ஒண்டு. கடைசிவரைக்கும் மலையிலயே நிண்டவரோ?"

"இல்லை. அந்தத் தளபதி அவசரப்பட்டு இறங்கி எதிரியிட்டை மாட்டிக்கொண்டான். இவர் பாத்துக்கொண்டு நிக்கேல்லை. ஆரில பிழை எண்டதைப் பிறகு பாப்பம், முதல்ல எங்கடை ஆளைக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு..."

எழுந்து குசினி வாசலில் போய் நின்றார். சிவகொழுந்து திரும்பவில்லை.

"கொழுந்து, பிழை என்னிலதான். நீர் போகாதையும்."

கறியைக் கிளறிய அகப்பை நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வெட்கத்தோடு மகளிடம் திரும்பினார். "உந்தக் கேள்வியளைத் தந்த டீச்சருக்கு அப்பா நன்றி சொன்னதெண்டு சொல்லு."

"டீச்சரோ? ஸ்கூல் மூடி எவ்வளவு நாள், அப்பா! கலியாணம் முடிச்ச புதுசில நீங்கள் அம்மாவுக்குச் சொன்ன கதையாமே இது? அம்மாதான் ஒவ்வொரு கேள்வியாச் சொல்லித் தந்து அனுப்பினவ."