தார் படாத கோடு

புதுத் தார் ரோட்டின் நடுவே வெள்ளைக்கோடு போட ஆட்கள் வந்தார்கள். கோடு வரவேண்டிய இடத்தில் ஒரு தென்னை மட்டை விழுந்து கிடந்தது. குனிந்து அதை எடுத்துப்போட யாருக்கும் மனசில்லை. மட்டைமேலேயே கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மட்டைமேல் இருந்த கோட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"மத்தக் கோடெல்லாம் தார்மேல படுத்துக் கிடக்கு. என் உடம்புல ஒரு பொட்டுத் தார் பட்டதில்ல," என்றது. "இந்த ரோட்டோட சரித்திரமே நான் வந்த அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது."

"அப்போ கொதிச்சு, ஜல்லியோட புரண்டு, ரோலருக்கு அடியில நசுங்கினது யாரு?" என்று கேட்டது தார்.

"அது கூலி வேலை. வண்டியெல்லாம் என்னைப் பார்த்துத்தானே போகுது? ரோடுன்னா நான்தான்."

மைல்கல்மேல் இருந்த காகம் ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"உன் நிறத்தைப் பார்த்தாலே தெரியுது, நீ யாரு பக்கம்னு. பேசாதே," என்றது கோடு.

மறுநாள் காலை விறகு பொறுக்க வந்த செல்லக்கிளி மட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏய், ரோட்டை எங்க இழுத்துட்டுப் போற?" என்று கத்தியது கோடு. அவள் காதில் விழவில்லை.

மட்டை கிடந்த இடத்தில் ஒரு முழம் கறுப்பு பளபளத்தது. பஸ் அதன்மேல் வழக்கம்போலப் போனது.

காகம் பறந்து போய் செல்லக்கிளி வீட்டு விறகுக் குவியலில் உட்கார்ந்தது. மட்டைமேல் இருந்த கோட்டைக் குனிந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டது:

"ஐயா, நீங்க எந்த ஊருக்குப் போற ரோடு?"